கையெழுத்துக்குக் காசா? – பெயின்டர் பதில்கள்

(பழைய வண்ணாரப்பேட்டையில் போர்டு எழுதியும், தியேட்டர் பேனர் வரைந்தும், வார இதழ்களுக்குச் சித்திரக்கதை போட்டும் பிழைத்த நம் பெயின்டர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை காமிக்ஸ் கேள்விகள் மட்டும்.)

அண்ணே, நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் காமிக் கான் என்ற காமிக்ஸ் திருவிழாவுக்குப் பையனை அழைத்துப் போனேன். வரிசையில் நின்ற ஒருவர், அமெரிக்காவில் ஓவியர்கள் ஒரு கையெழுத்துக்கே ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள் என்றார். சினிமா நடிகரே சும்மா போட்டுத் தருகிறார். பொம்மை வரைகிறவருக்குக் காசா? – தண்டையார்பேட்டை வாசகர்

ஆயிரக்கணக்கில் வாங்குகிறவரும் உண்டு, பைசா வாங்காதவரும் உண்டு. அந்த ஊர் காமிக் கான்களில் ‘ஆர்ட்டிஸ்ட் ஆலி’ என்று ஒரு பகுதி இருக்கும். வரிசையாக மேசை போட்டு ஓவியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவரிடமே புத்தகமோ பிரின்ட்டோ வாங்கினால் பெரும்பாலும் கையெழுத்து இலவசம். வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் புத்தகம் என்றால், பல மேசைகளில் முதல் ஒன்றிரண்டு சும்மா. அதற்கு மேல் ஒன்றுக்கு 5 டாலர், 10 டாலர். பெயர் எடுத்தவர் என்றால் 20, 30 என்று ஏறும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 டாலர் 850 ரூபாய். அந்தக் காசுக்கு எம்.சி. ரோட்டில் பையனுக்கு ஒரு செட் துணி எடுத்துவிடலாம். உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டதில் ஆச்சரியமில்லை.

உச்சத்தில் இருந்தவர் ஸ்டான் லீ. கடைசி வருடங்களில் அவர் கையெழுத்து 100 டாலரைத் தாண்டிவிட்டது, அப்படியும் வரிசை குறையவில்லை. ஒன்றைக் கவனியுங்கள், அவர் படம் வரைந்தவர் அல்ல, கதை எழுதியவர். 1962-ல் அவரோடு சேர்ந்து ஸ்பைடர்மேனை உருவாக்கி, அந்த வலைபோட்ட முகமூடியை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அவர் விழாக்களுக்கு வரமாட்டார், பேட்டி கொடுக்க மாட்டார். இரண்டு பேரும் 2018-ல்தான் காலமானார்கள். ஒருவருக்கு உலகமே வரிசை கட்டியது. இன்னொருவர் முகம் எப்படி இருக்கும் என்றே முக்கால்வாசி ரசிகர்களுக்குத் தெரியாது.

நடிகர் சும்மா போடுகிறார் என்கிறீர்கள். நம் ஊரில் சரி. அதே அமெரிக்க விழாக்களில் நடிகர்கள் ஓவியரைவிடப் பல மடங்கு வாங்குகிறார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கத் தனிக் காசு. அதை யாரும் கேட்பதில்லை. ‘பொம்மை வரைகிறவன்’ வாங்கினால் மட்டும் கேள்வி வருகிறது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான், மன்னிக்கவும்.

ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கணக்கு சொல்கிறேன். சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். சீகல் எழுத்து, ஷஸ்டர் படம். 1938-ல் அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் சினிமா, டிவி, பொம்மை, பனியன் என்று கம்பெனி கோடி கோடியாகப் பார்த்தது. ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கி, வயிற்றுப்பாட்டுக்குக் கடைநிலை வேலையெல்லாம் பார்க்க வேண்டி வந்தது. 1975-ல், பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் எடுக்கப் போகிறார்கள் என்ற நேரத்தில், நீல் ஆடம்ஸ் என்ற இன்னொரு ஓவியர் முன்னால் நின்று பத்திரிகைகளில் சத்தம் போட்ட பிறகுதான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் பென்ஷனும், உருவாக்கியவர்கள் என்று மறுபடி பெயரும் கிடைத்தது.

இன்னொன்று. அந்த 130 டாலரும் சேர்த்து மொத்தம் 412 டாலருக்குக் கொடுத்த செக் பிற்பாடு ஏலத்துக்கு வந்தது. பின்பக்கம் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது, பணம் எடுக்கப் போட்டது. 2012-ல் அது 1,60,000 டாலருக்குப் போனது. இந்தப் பணத்தில் அவர்களுக்கு என்ன பங்கு? இரண்டு பேருமே 1990-களில் இறந்துபோனார்கள்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு வரைந்தவர்களுக்கு அது எத்தனை முறை மறுபதிப்பு ஆனாலும் ரொம்ப காலம் எதுவும் வரவில்லை. பென்ஷன் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி கிடையாது. வயதான, நோயாளிக் காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவ 2000-ல் ‘ஹீரோ இனிஷியேட்டிவ்’ என்று ஒரு அறக்கட்டளையே தொடங்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஒரு மனுஷன் எழுபது வயதில் விமானம் ஏறி, ஓட்டலில் தங்கி, இரண்டு நாள் முழுக்க கை வலிக்க உட்கார்ந்து 10 டாலர் கேட்டால் கொடுத்துவிட்டு வரலாம் என்பது என் கட்சி.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ரேட்டை எழுதி மேசையில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் நின்று, புத்தகத்தை நீட்டி, குழந்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘இருபது டாலர்’ என்று சொல்வது அழகில்லை. போர்டு எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், ஒரு சின்ன போர்டு போதும்.

ஐ.சி.எப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி மகன் அமெரிக்காவில் ஒரு ஓவியரிடம் புத்தகத்தை நீட்டினானாம். ‘சிஜிசியா, சொந்தத்துக்கா?’ என்று கேட்டுவிட்டு, சிஜிசி என்றதும் இரண்டு மடங்கு கேட்டாராம். ஒரே பேனா, ஒரே கை. இது என்ன நியாயம்? – பெரம்பூர் வாசகர்

சார், சிஜிசி என்பது புத்தகத்துக்கு மார்க் போடும் கம்பெனி. 2000-ல் ஆரம்பித்தது. அட்டை, முனை, ஸ்டேபிள், தாளின் வெளுப்பு எல்லாம் பார்த்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாம், படிக்க முடியாது. கையெழுத்துப் போட்ட புத்தகத்துக்கு மஞ்சள் லேபிள். அது கிடைக்க, ஓவியர் பேனாவை வைக்கும்போது கம்பெனி அங்கீகரித்த சாட்சி ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சி நிற்கிற மாதிரிதான். சாட்சி இல்லாமல் வாங்கியது எவ்வளவு நிஜமாக இருந்தாலும், ரொம்ப காலம் அவர்கள் கணக்கில் அது அட்டைமேல் யாரோ எழுதிய எழுத்தாகத்தான் இருந்தது.

மஞ்சள் லேபிள் விழுந்ததும் விலை ஏறுகிறது. பலர் விற்பதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள். ஓவியர் என்ன நினைக்கிறார்? ‘என் கையெழுத்தை வைத்து நீ சம்பாதிக்கப் போகிறாய், எனக்கும் ஒரு பங்கு கொடு.’ இதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. உங்கள் தம்பி மகன் விற்கப் போவதில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ‘என் பெயரைப் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்கச் சொல்லுங்கள். பெயர் எழுதிய புத்தகத்தைப் பொதுவாக மறு விலைக்கு வாங்குகிறவர்கள் குறைவு. அதனாலேயே, பெயர் போடச் சொல்பவரிடம் காசு வாங்காத ஓவியர்களும் இருக்கிறார்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு முகம் இருக்கிறது. ஒரே புத்தகத்தில் முப்பது பிரதியைச் சூட்கேஸில் தள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பின்னால் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முறை வருவதற்குள் ஓவியர் எழுந்து போய்விடுவார். முதல் இரண்டு இலவசம், அப்புறம் காசு என்ற ஏற்பாடு இவர்களுக்காகவே வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கால்வின் அண்ட் ஹாப்ஸ் என்ற காமிக்ஸ் தொடரை வரைந்த பில் வாட்டர்சன் கையெழுத்தே போட மாட்டாராமே, அவ்வளவு திமிரா? – ராயபுரம் கல்லூரி மாணவி

திமிர் இல்லை தங்கச்சி. ஒஹாயோ மாநிலத்தில் ஷக்ரின் ஃபால்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர் அவர். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் புத்தகக் கடைக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் தன் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு வருவார். வாங்குகிறவருக்கு அது ஒரு அதிர்ஷ்டப் பரிசு, கூடுதலாகக் காசு இல்லை. அந்தப் பிரதிகள் இணையத்தில் கொள்ளை விலைக்குப் போவது தெரிந்ததும் நிறுத்திவிட்டார். பொம்மைக்கும் பனியனுக்கும் தன் பாத்திரங்களை விற்க மாட்டேன் என்று பெரும் பணத்தை ஒதுக்கி, 1995 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தொடரையே முடித்துக்கொண்டவர். அப்படிப்பட்டவருக்குத் தன் கையெழுத்து ஏலத்துக்குப் போவது பிடிக்குமா?

பிரான்ஸில் காமிக்ஸ் ஓவியர்கள் கையெழுத்து மட்டுமல்ல, படமே வரைந்து சும்மா தருவார்களாமே? – கொருக்குப்பேட்டை வாசகர்

தருகிறார்கள். அங்குலேம் என்ற ஊரில் 1974-ல் தொடங்கிய பெரிய திருவிழா உண்டு. அங்கேயும் பெல்ஜியத்திலும் வழக்கம் என்னவென்றால், ஓவியரின் ஆல்பத்தை, அதாவது காமிக்ஸ் புத்தகத்தை, வாங்கிக்கொண்டு நின்றால் முதல் பக்கத்தில் அவரே ஒரு படம் போட்டு, உங்கள் பெயரெழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவார். தனிக் காசு கேட்டால் அந்த ஊர் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு நாளில் எத்தனை பேருக்குப் போட முடியும்? வரிசை மணிக்கணக்கில் நிற்கும். பல கடைகளில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இத்தனை பேர் மட்டும் என்று கட்டிவிடுகிறார்கள். ‘சனி, ஞாயிறு முழுக்கச் சும்மா வரைந்து தருகிறோமே, கூலி எங்கே?’ என்று அங்கத்திய ஓவியர்களும் கேட்கத் தொடங்கி வெகுநாள் ஆகிறது. எனவே, பிரான்ஸைக் காட்டி அமெரிக்கக்காரரைத் திட்ட வேண்டாம்.

அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் ஊதா மையில் ஒரு கையெழுத்து. ஓவியருடையதா? நல்ல விலை போகுமா? – மூலக்கொத்தளம் வாசகர்

ஆசைக்கு அளவில்லை! முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியிலிருந்து தொடங்கியபோது முதலில் வந்ததே இரும்புக்கை மாயாவிதான். கதை அங்கே பிறந்ததில்லை. 1962-ல் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் வந்தது. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயினில் பார்சிலோனாக்காரர், 1995-ல் காலமானார். அவர் மூர் மார்க்கெட்டுக்கு வந்து ஊதா மையில் கையெழுத்துப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

அது பெரும்பாலும் வாடகை நூல்நிலையக்காரர் கையெழுத்து. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்த காலம். புத்தகம் வந்ததும் அட்டையைக் கோணி ஊசியால் தைத்து, முதல் பக்கத்திலும் நடுவில் ஒரு பக்கத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, கீழே ஒரு கிறுக்கல் போட்டுவிடுவார்கள். ஓரத்தைக் கவனியுங்கள், தைத்த ஓட்டை தெரியும். அட்டை உள்பக்கத்தில் தேதி தேதியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிளாஸ்கோ தன் நாட்டிலேயே பெரிய பெயர். ஆனால் அந்தக் கால பிரிட்டிஷ் இதழ்களில் ஓவியரின் பெயர் அச்சாகாது. ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ஆபீசில் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். நான் வரைந்த தியேட்டர் பேனர்களிலும் கீழ் மூலையில் பேனர் கம்பெனியின் பெயர்தான் வரும். நாற்பதடி உயரத்தில் சாரத்தில் தொங்கி மூக்கையும் மீசையையும் வரைந்தவன் பெயர் வராது. அகஸ்தியா தியேட்டர் வாசலில் நான் போட்ட முகத்தைப் பார்த்து நாலு பேர் விசில் அடித்ததைக் கூட்டத்தில் ஒருவனாக நின்று கேட்டிருக்கிறேன்.

விலையா? தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், தைக்காத பிரதிக்கு. உங்களுடையதைப் படித்துவிட்டு பேரனிடம் கொடுங்கள்.

என் மகள் சொந்தமாக ஒரு காமிக்ஸ் வரைந்து அச்சடித்திருக்கிறாள், வியாசர்பாடி கதைதான். விழா ஒன்றில் ஸ்டால் போடப் போகிறாள். கையெழுத்துக்குக் காசு கேட்கலாமா என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. – வியாசர்பாடி வாசகி

முதலில் பாப்பாவுக்கு என் வாழ்த்து. வியாசர்பாடியை அடிதடி இல்லாமல் யாராவது வரைந்தால் முதல் பிரதி நான் வாங்குகிறேன்.

கையெழுத்துக்கு வேண்டாம் அம்மா. புத்தகம் வாங்குகிறவருக்கு அது சேர்ந்தே போகட்டும். படத்துக்கு வாங்கலாம், வாங்கியே ஆக வேண்டும். ‘முகம் மட்டும் 200 ரூபாய், இடுப்புவரை 500’ என்று அட்டையில் எழுதி, பக்கத்தில் க்யூஆர் ஒட்டி நிறுத்திவிடச் சொல்லுங்கள். ‘சும்மா ஒரு கோடு போட்டுக் கொடும்மா’ என்று வருகிற சொந்தக்காரர்கள்தான் முதல் ஆபத்து. அந்த அட்டை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் பேனா. இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வழவழப்பான அட்டையில் பால்பாயின்ட் பேனா வழுக்கும், அழுத்தினால் பள்ளம் விழும். சாதாரண ஸ்கெட்ச் பேனா காயாது, விரல் பட்டால் இழுபடும். கறுத்த அட்டைக்கு வெள்ளி அல்லது தங்க நிற பெயின்ட் மார்க்கர். மூடியோடு நன்றாகக் குலுக்கி, முனையை முதலில் ஒரு ரஃப் தாளில் நாலைந்து முறை அழுத்தினால் மை இறங்கும். நேரே அட்டையில் அழுத்தினால் பொட்டென்று குளம் கட்டும், புத்தகம் போச்சு. போட்டதும் மூடாமல் ஓரமாகத் திறந்து வைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காய நேரமாகும். உள்பக்கத்துக்கு பிக்மென்ட் மை பேனா நல்லது, வருடங்கள் போனாலும் மங்காது. எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்க ஒரு பட்டர் பேப்பர் துண்டு வைத்து மூடிக் கொடுத்தால் வாங்குகிறவருக்கு மரியாதை செய்த மாதிரி இருக்கும்.

பெயர் போட்டுத் தரும்போது காதால் கேட்டு எழுத வேண்டாம். கூட்டச் சத்தத்தில் கமலா விமலா ஆகிவிடுவாள். துண்டுச்சீட்டில் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, கையில் காசில்லாமல் மேசையையே சுற்றிச் சுற்றி வந்தால் என்ன செய்வது என்று பாப்பா கேட்பாள். மிச்சமான பிரின்ட்டின் பின்னால் ஒன்று போட்டுக் கொடுக்கட்டும். அதற்குப் போர்டு தேவையில்லை.

இன்னொரு விஷயம், அந்தப் படங்களின் ஒரிஜினல் தாள்களை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். நான் பத்திரிகை ஆபீஸ்களில் கொடுத்தவை எதுவும் திரும்பி வரவில்லை. அமெரிக்காவில் ஜாக் கிர்பி என்ற மகா ஓவியர், தான் வரைந்த தாள்களைத் திரும்ப வாங்கவே பல வருடம் கம்பெனியோடு மல்லுக்கட்டினார். 1987-ல் கிடைத்தது ஒரு பகுதிதான். இன்று அங்கே பல ஓவியர்களுக்குக் கையெழுத்தைவிட ஒரிஜினல் தாள் விற்பதில்தான் வருமானம். ஃபைலில் போட்டு, கரையான் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பெயின்டரே, ஊர்க் கதையெல்லாம் சரி. உங்கள் கையெழுத்துக்கு என்ன ரேட்? – காசிமேடு வாசகர்

என் சித்திரக்கதை வந்த பழைய இதழோடு வந்தால் இலவசம், டீயும் என் செலவு. ஆனால் புத்தகத்தை அரை மணி நேரம் என்னிடம் விட வேண்டும். பல இதழ்கள் என்னிடமே இல்லை, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வேன். கடை போர்டில் கையெழுத்து வேண்டுமென்றால் சதுர அடிக் கணக்கு, அட்வான்ஸ் பாதி. வெற்றுத் தாளை நீட்டினால் மட்டும் போட மாட்டேன். மேலே என்ன எழுதிக்கொள்வீர்களோ, யார் கண்டது?